அஞ்சலையின் கலவை விதை

போன வாரம் எங்கள் பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், எங்கள் கொல்லைப்புறத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாள். கறுப்பாக, பொலபொலவென்று... "இந்த மண்ணை எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

வாங்கினோமா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் நெய்வேலிக்கு வந்த புதிதில் இந்த இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்துத் தள்ளியிருந்தார்கள். மிச்சம் இருந்தது செக்கச்சிவந்த கட்டாந்தரை. ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடும். திருநெல்வேலியிலிருந்து நான் ஆசையாகக் கொண்டுவந்த வெண்டை விதையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலைக்கு வேறு கவலை. கம்மாபுரம் பக்கத்தில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிற்று. கணவர் கோவிந்தனுக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை கிடைத்தது. அவர் ஷிஃப்டுக்குப் போனதும் இவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று தினம் ஒரு பேச்சு.

"நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்கக்கா. நான் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறா" என்றார் கோவிந்தன்.

போனேன். மூலையில் ஒரு பானை. அதில் கம்பு, எள், காராமணி, கொள்ளு, சணப்பு – எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கடைசி விளைச்சலில் எடுத்து வைத்த விதைகளாம்.

"ஏன் அஞ்சலை, எல்லாத்தையும் கலந்துட்டே?"

"வெதைக்க நெலம் இல்ல. தனித்தனியா வெச்சிகினு என்னா பண்றது?"

"வீட்டுக்குப் பின்னாடி தூவித்தான் பார்ப்போமே" என்றேன். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவள் கடப்பாரையால் தரையைக் கீறி, இரண்டு வீட்டுக் கொல்லையிலும் தூவிவிட்டாள். மழை பெய்தது. தழையுரத்துக்குப் போடும் சணப்பு நெடுநெடுவென்று எழுந்தது. கொள்ளு கீழே படர்ந்து, வெயில் படாமல் தரையை மூடியது.

பூப்பூக்கும் சமயம். அஞ்சலை அரிவாளோடு நின்றாள்.

"இப்ப அறுத்து மண்ணுல மடக்கிடணும்க்கா. காய்க்க வுட்டா சத்தெல்லாம் காய்க்குப் பூடும்."

"அப்போ விதை?"

அவள் ஒரு சணப்புப் பூவைத் தொட்டுப் பார்த்தாள். பறிபோன நிலத்திலிருந்து அவளிடம் மிஞ்சியது அந்த விதைதானே.

"வேண்டாம், விட்டுடு" என்றேன்.

"இந்த மண்ணப் பாத்தா பாவமா இருக்குதுக்கா."

வேலியோரம் ஒரு வரிசையை மட்டும் விதைக்கு விட்டுவிட்டு மற்றதை அறுத்தாள். அழுதுகொண்டேதான் அறுத்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்த கோவிந்தன், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.

மறுபடி விதைத்தோம், மறுபடி மடக்கினோம். ஒரேயடியாக ஒன்றும் மாறிவிடவில்லை. முதலில் தண்ணீர் உள்ளே இறங்க ஆரம்பித்தது. பிறகு மக்கிய தழைக்கடியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை இழைகள். ஒருநாள் அஞ்சலை வேலியருகே நின்று கூப்பிட்டாள். உள்ளங்கையில் ஒரு மண்புழு... பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினாள்.

விவசாய இலாகாவில் வேலை பார்க்கும் என் தம்பி வந்தபோது விளக்கினான். செடி மக்கும்போது அதிலிருக்கும் கரிதான், அதாவது கார்பன், மண்ணில் தங்குகிறதாம். பலவிதமான வேர்கள் இறங்கினால், கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் பலவிதமாகப் பெருகுமாம். ஊரே தோண்டித் தோண்டிக் கரியை வெளியே எடுக்கிறது. நாங்கள் மூன்று பேர் மட்டும் உள்ளே போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

போன மாதம் கோவிந்தனுக்கு ப்ரமோஷன் வந்தது. வேறு பிளாக்கில் பெரிய குவார்ட்டர்ஸ் தருகிறார்கள் என்று ஸ்வீட்டோடு ஓடி வந்தார். அஞ்சலை கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"நீங்க வேணா போயி இருங்க. நான் என் வூட்ட வுட்டு வர்ல."

கோவிந்தன் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். மறுநாளே பெரிய வீடு வேண்டாமென்று சொல்லிவிட்டார். இந்தக் குவார்ட்டர்ஸை அஞ்சலை 'என் வூடு' என்று சொல்லி கோவிந்தனும் நானும் கேட்டது அந்த ஸ்வீட் வந்த நாளில்தான் முதல் தடவை.