நன்றி சொன்ன பிறகுதான் சோறு

எங்கள் வீட்டில் சோறு வெந்தாலும் உடனே சாப்பிட்டுவிட முடியாது. ஒவ்வொருவரும் அன்றைக்கு ஆண்டவர் செய்த நன்மை ஒன்றைச் சொல்லி அதற்கு ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும். அதுவும் நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக் கூடாது. இது அப்பா போட்ட சட்டம். வயதில் சிறியவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதால், ஒன்பது வயதுக்காரியான நான்தான் தினமும் முதல் பலி. எனக்குப் பிறகு அண்ணன், அப்புறம் அம்மா, கடைசியில் அப்பா. அப்பா முடிப்பதற்குள் குழம்பில் ஏடு படிந்துவிடும்.

தினம் ஒரு புது நன்மைக்கு எங்கே போவது? பல் விழுந்ததற்கு, விழுந்த பல் முளைத்ததற்கு, கணக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்ததற்கு என்று கையில் இருந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். அண்ணனுக்குப் பள்ளியில் அடி விழுந்ததற்காக ஒரு நாள் நன்றி சொன்னேன். அது செல்லாது என்று அப்பா தள்ளிவிட்டார். அண்ணன் கெட்டிக்காரன். பழைய நோட்டின் பின்பக்கத்தில் இருபது நன்றிகளை எழுதி வைத்துக்கொண்டு வரிசையாகச் சுற்றுக்கு விடுவான். அம்மாவின் நன்றிகள் சமையலறையைத் தாண்டி வந்ததே இல்லை. உப்பு தீராமல் இருந்ததற்கு நன்றி, ரேஷன் அரிசியில் கல் குறைந்திருந்ததற்கு நன்றி. தலையைக் குனிந்து ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கரண்டியைத் தேடுவாள்.

அப்பாவுக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தால், இன்னொரு முட்டி தப்பியதற்கு ஸ்தோத்திரம். கொல்லையில் இருந்த பித்தளை அண்டாவைத் திருடன் கொண்டுபோன அன்று, மூடியை விட்டுவிட்டுப் போனானே என்று ஸ்தோத்திரம். அண்டா இல்லாத மூடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். கிறிஸ்தவன் என்றால் நன்றி சொல்கிறவன் என்பார். கேட்பதற்கு மட்டுமே வாய் திறக்கிறவனுக்கு எது கிடைத்தாலும் போதாது, நன்றி சொல்லப் பழகினவனுக்குக் கஞ்சியும் விருந்து என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பசியோடு கேட்டால் எரிச்சலாக இருக்கும்.

எனக்குப் பின்னால் ஒரு தம்பி பிறந்தான். நாற்பது நாள் இருந்தான். காய்ச்சல் கண்டு போய்விட்டான். அப்போது எனக்கு எட்டு வயது. அன்றும் கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அப்பா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னார். என்ன விசுவாசம், என்ன விசுவாசம் என்று சபையார் மெச்சினார்கள். அம்மா என்ன செய்தாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்ற வைத்திருப்பாள்.

அப்பா ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர்கள் தெருவில் எங்களுக்கு வாடகை வீடு. தெருவிலேயே நாங்கள் மட்டும்தான் வேதக்காரர்கள். பக்கத்து வீட்டில் பட்டு நெய்யும் தம்பதி இருந்தார்கள். நாங்கள் அவர்களை அத்தை, மாமா என்று கூப்பிடுவோம். கிணறு அவர்கள் கொல்லையில் இருந்தது. இரண்டு கொல்லைக்கும் நடுவே ஒரு கதவு. அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. அம்மாவும் அத்தையும் கிணற்றடியில் பேச ஆரம்பித்தால் குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாது.

அறுபதுகளில் மழை தொடர்ந்து ஏமாற்றிய காலம் அது. கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. அப்பா எங்களை முழங்காலில் நிற்க வைத்து மழைக்காக ஜெபம் பண்ணினார். அத்தை தெருமுனை அம்மனுக்கு, மழை பெய்தால் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். இரண்டு பக்கமும் விண்ணப்பம் போயிருந்தது.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை விடிகாலை மாமா தெருவில் பாவு போட்டிருந்தார். புடவையில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெரு நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசி உலர்த்துவார்கள். அரக்கு நிறத்தில் அன்றைய பாவு நாலு வீட்டு வாசலைத் தாண்டிப் போயிருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டிய கல்யாணப் புடவைக்கானது; பட்டு நூல் மாமாவுக்கு நெய்யக் கொடுத்த முதலாளியுடையது. அதன் ஒரு முனை சரியாக எங்கள் வாசலில்.

எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மழை கொட்டியது. தெருவே ஓடி வந்தது. பாவைச் சுருட்ட வேண்டுமானால் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். மாமாவும் ஓடி வந்தவர்களும் அந்தக் கோடியில் இருந்தார்கள். எங்கள் முனைக்குப் பக்கத்தில் இருந்தது அப்பா ஒருவர்தான். மழைச் சத்தம் கேட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார்.

"வாத்தியாரே! அந்த முனையப் பிடிங்க! வாத்தியாரே!"

அப்பா கண்ணை மூடியிருந்தார். இரண்டு கைகளும் வானத்தைப் பார்த்து நின்றன. "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று அவர் போட்ட சத்தத்தில் மாமாவின் குரல் எடுபடவில்லை. நான் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நானும் சந்தோஷத்தில் குதிக்கிறேன் என்று நினைத்து என் தலையில் கை வைத்து எனக்காகவும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். கட்டு அவிழ்ந்து பட்டு முழுவதும் தெருத் தண்ணீரில், சாணியும் சேறுமாகக் கிடந்து புரண்டது.

எல்லாம் முடிந்த பிறகு கண்ணைத் திறந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சேற்றில் உட்கார்ந்து பட்டை வாரி மடியில் போட்டுக்கொண்டிருந்த அத்தையிடம் போய், "எல்லாம் நன்மைக்குத்தான்மா. இதுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்க, மனசு லேசாயிடும்" என்றார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "வாயில நல்லா வருது வாத்தியாரே. உள்ள போயிடுங்க."

மழை நின்று அம்மா குடத்தோடு போனபோது கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா தட்டினாள். உள்ளேயிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது. "உங்க சாமிதான் கேட்டதெல்லாம் குடுக்குதே. தண்ணியும் அதுகிட்டயே கேளு."

மழை அடுத்த நாளும் பெய்தது, அதற்கடுத்த நாளும் பெய்தது. கிணற்றில் தண்ணீர் கையெட்டும் உயரத்துக்கு வந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். முழங்கால் தேய ஜெபம் பண்ணி வரவழைத்த மழை. நிறைந்த கிணற்றில் எங்களுக்கு ஒரு குடம் இல்லை. நானும் அண்ணனும் தெருக்கோடிக் குழாயில் வரிசையில் நின்று, இடுப்பு ஒடியத் தண்ணீர் சுமந்தோம். அப்பாவின் பக்தி அப்பாவோடு போகட்டும், என் இடுப்பு என்ன பாவம் செய்தது?

அந்தத் திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நான் குழாயில் கூட்டம் குறைவாக இருந்ததற்கு நன்றி சொன்னேன். அது பொய். அண்ணன் நோட்டிலிருந்து ஒன்றைச் சொன்னான். அம்மாவின் முறை வந்தது. அம்மா பேசவில்லை.

அப்பா காத்திருந்தார். தொண்டையைச் செருமினார். அம்மா சோற்றுப் பானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் தோணலயா?"

"வாய் வரல."

"பக்கத்து வீட்டுப் பாவுக்காகவா?"

அம்மா பானையின் மூடியை எடுத்து மூடினாள். அப்பா போட்ட சட்டத்தை அப்பாவே மீற முடியுமா? வெகு நேரம் கழித்து, பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார். அம்மாவும் சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமையும் இதே கதை. புதன், வியாழனும் அப்படியே. உப்புக்கு ஒரு நன்றி சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவாள்? வீட்டில் உப்பு இருக்கத்தானே செய்தது. ஒரு மனுஷர் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லிக் கெடுத்தார். இன்னொரு மனுஷி ஒன்றுக்கும் சொல்லாமல் கெடுத்தாள். நடுவில் ஆறிப்போன சோற்றைத் தின்றது நானும் அண்ணனும்.

வெள்ளிக்கிழமை தெருமுனை அம்மன் கோவிலில் அத்தை பொங்கல் வைத்தாள். புகையில் கண் கசிய அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய்க் கேட்டேன். "பாவு வீணாப் போச்சே, இப்ப எதுக்குப் பொங்கல்?"

"மழ கேட்டேன், குடுத்தா. பாவப் பாத்துக்கோன்னு அவளாண்ட நான் கேக்கலயே."

"அப்ப எங்கப்பாவ மட்டும் ஏன் திட்டினீங்க? அவரும் இதைத்தானே சொன்னாரு?"

அத்தை கரண்டியைப் பானையின் மேல் குறுக்கே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. "நஷ்டம் என்னுதுடி. நான் அழுவேன், சிரிப்பேன், சாமிக்குக் கும்பிடும் போடுவேன். என் நஷ்டத்துக்கு உங்கப்பாரு எப்டிக் கும்பிடு போடலாம்? மொதல்ல வந்து பக்கத்துல குந்தட்டும். அப்புறமா சாமியக் கூப்பிடட்டும்."

அன்று இரவு என் முறை வந்தபோது சொல்வதற்கு நன்மை எதுவும் கிடைக்காததால், இந்தப் புகாரை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன். அவர்கள் செய்தால் பொங்கல், நாம் செய்தால் குற்றமா என்று நியாயம் கேட்டேன். அப்பா எனக்குப் பரிந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "அந்தம்மா என்ன சொன்னாங்க? திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பானையைப் பார்த்தாள். அன்றைக்கு அப்பா ஜெபமே பண்ணவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஐந்து நாளாக மாமாவும் அத்தையும் சிக்கெடுத்து, அலசி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்திருந்த பாவை மறுபடியும் தெருவில் இழுத்தார்கள். வானம் வெளுத்திருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் எங்கள் வாசல் முனையில் நின்றார். தப்புப் பண்ணிவிட்டேன் என்றோ, மன்னியுங்கள் என்றோ நீட்டி முழக்குவார் என்று பயந்தேன். "எதைப் பிடிக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

மாமா காட்டினார். அப்பா பிடித்துக்கொண்டார். சாக்பீசைத் தவிர வேறு எதையும் பிடித்தறியாத கை. அத்தை கஞ்சியைப் பூசிக்கொண்டே இந்த முனைக்கு வந்தபோது, "வாத்தியாரே, கண்ண மட்டும் மூடிடாதீங்க" என்றாள். தெரு சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. பாவு காய்ந்து சுருட்டி முடிக்கும்வரை கண்ணைத் திறந்துகொண்டே நின்றார்.

மத்தியானம் கொல்லைக் கதவு திறந்தது. "வாத்தியாரம்மா, குடத்த எடுத்துக்கினு வா. கிணறு நெறைஞ்சு கெடக்குது." அம்மா போனாள். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. தண்ணீர் கிடைத்துவிட்டது, சண்டை தீர்ந்துவிட்டது, இன்றைக்காவது சோறு சூடாகக் கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டேன்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் உட்கார்ந்தோம். நான் கிணற்றுக்கு நன்றி சொன்னேன். அண்ணன் நோட்டில் இல்லாத ஒன்றை, பாவு காய்ந்ததற்கு, சொன்னான். அம்மாவின் முறை வந்ததும் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சொல்ல வேண்டாம். வாய் வரும்போது சொன்னா போதும். வரலன்னாலும் போதும்." பிறகு, "அன்னைக்கு நான் உன் பக்கத்துல நின்னிருக்கணும்" என்றார்.

என்றைக்கு என்று எனக்குப் புரியவில்லை. மழை பெய்த அன்றைக்கு அம்மா அடுப்படியில் இருந்தாள். அங்கே போய் நின்று இவர் என்ன செய்திருப்பார்?

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வழிந்தது. பாவுதான் சரியாகிவிட்டதே, கதவும் திறந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்த அழுகை என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. சோற்றிலிருந்து ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அம்மா பேசினாள். "ஆண்டவரே, நாப்பது நாள் குடுத்தியே. அதுக்கு ஸ்தோத்திரம்."

மழை பெய்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எந்தப் பக்கமாக எண்ணினாலும் நாற்பது வரவில்லை. கணக்குத் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் தொடையில் கிள்ளினான்.

அப்பா ஆமென் சொல்வதற்காகக் காத்திருந்தோம். அவர் அம்மாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். இருவரும் அப்படியே இருந்தார்கள். ஆமென் சொல்லாமல் யாரும் தட்டைத் தொடக் கூடாது என்பதும் சட்டம்தான்.

பசி தாங்கவில்லை. நானே உரக்க ஆமென் என்று சொல்லிவிட்டுச் சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.