மாமனார் கேட்ட சாம்பல்

மாமனாரின் கட்டைவிரல் நகத்தில் காய்ந்து ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பெயின்ட்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. சோறு பிசையும்போதும் அதை அவர் சுரண்டி எடுக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஜன்னல் வெளிச்சத்தில் நகத்தை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார். "இது இல்ல அம்மணி. இன்னுங் கொஞ்சம் நீலம் உடு," என்பார்.

பல்லடத்தில் எங்கள் வீடு. மாமனார் விமானப்படையில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் தொழில்நுட்பப் பணியில் இருந்துவிட்டு வந்து கோழிப்பண்ணை வைத்தவர். ஒரே போர் விமானத்தைப் பல வருடம் பராமரித்திருக்கிறார். அதை ஓட்டிய அதிகாரியைக் கடைசிவரை 'எங்க சார்' என்றுதான் சொன்னார். அந்த அதிகாரி ஓய்வுக்குப் பின் கோவையில் குடியேறியிருந்தார். அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு, அந்த விமானத்தையே சின்னதாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை. பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வந்ததை இரண்டு மாதம் உட்கார்ந்து ஒட்டினார். ஒரு சாண் நீளத்தில் விமானம் தயாரானது. நிறத்தில்தான் வேலை நின்றுவிட்டது.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் நான் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் அனுப்பும் துணியின் நிறமும் நாங்கள் சாயமேற்றிய துணியின் நிறமும் ஒன்றுதானா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. அதனால் என்னைக் கூப்பிட்டார். இணையத்தில் அந்த விமானத்தின் படங்களைத் தேடினேன். வெயிலில் எடுத்த படத்தில் ஒரு சாம்பல், மேகமூட்டத்தில் எடுத்த படத்தில் வேறொரு சாம்பல். "போட்டோவ நம்பாத அம்மணி. நான் தொட்டுத் தொடச்ச பிளேனு அது," என்றார். பெட்டியோடு வந்த தாளில் சொன்ன நிறத்தைக் கலந்தேன். சின்னப் பொருளில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் ஒரு சொட்டு வெள்ளை கூட்டினேன். பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் பூசிக் காட்டினேன். பார்த்த உடனே இல்லை என்றார்.

அதன்பின் ஆறு ஸ்பூன்கள். ஒவ்வொன்றிலும் நீலம் கூடியது, ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. அந்த வாரம் ஆய்வகத்தில் ஒரு பழுப்புத் துணியை மூன்று முறை பார்த்தும் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஏனுங்க்கா, உங்களுக்கே சந்தேகமாங்க?" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கண்ணை நம்பிச் சம்பாதித்தவள் நான்.

எட்டாவது ஸ்பூனைப் பார்த்து, "ஆங், இதுதான்" என்றார். எனக்கு அது சாம்பலாகவே தெரியவில்லை. ஆனாலும் விமானம் முழுக்க அதையே பூசி முடித்தார்.

பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பு கோவையில் மாமனாரின் வலது கண்ணில் புரை அறுவை நடந்தது. மறுநாள் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர், கருப்புக் கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் இருந்த விமானத்தைப் பார்த்தார். ஒரு கண்ணைப் பொத்தினார், பிறகு மற்றதைப் பொத்தினார். "ஏனம்மணி, இதுக்கு இத்தன நீலத்த ஆரு ஊத்துனது?"

அவருக்கே புரிந்துவிட்டது. புரை விழுந்த கண் எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டியிருக்கிறது. மனதில் இருந்த சாம்பல் கிடைப்பதற்காக அவர் நீலத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஸ்பூன்களைக் கொண்டுவரச் சொன்னார். வரிசையாக வைத்துப் பார்த்து முதல் ஸ்பூனை எடுத்தார். வெகுநேரம் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்படியே குடுத்தர்லாங்க மாமா. சாரு கண்டா புடிக்கப் போறாரு?"

"அவரு கண்டுபுடிக்க மாட்டாரு. எனக்குத் தெரியுமே."

குனியக் கூடாது, பெயின்ட் வாடை ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அவர் கூடத்தில் தள்ளி உட்கார்ந்துகொண்டார். பின்கட்டில் வைத்து நான்தான் முதல் ஸ்பூனின் நிறத்தைக் கலந்து திரும்பப் பூசினேன். அவர் ஒருமுறைகூட எழுந்து வந்து எட்டிப் பார்க்கவில்லை.

பிறந்தநாளன்று அந்த அதிகாரி விமானத்தை இரு கைகளிலும் ஏந்தி ஜன்னலோரம் கொண்டுபோனார். இறக்கையை விரலால் தடவினார். "அதே கலர்ப்பா," என்றார். சுற்றி உறவினர்கள், பழைய சகாக்கள். மாமனார் தலையாட்டிப் பாராட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நிமிர்ந்து நின்று சொன்னார்: "கலரு என்னுதில்லீங் சார். கண்ணுல பொரைய வெச்சுக்கிட்டு நாந்தான் இந்தம்மணி கலந்ததத் தப்புன்னு சொல்லிப்போட்டேன். மொதல்ல இவ கலந்ததேதானுங்க சரி."

அத்தனை பேர் முன்னால் அவர் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மறுநாள் ஆய்வகத்தில் காத்திருந்த துணிகளைப் பார்த்து நிறம் சரியா இல்லையா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், யாரையும் கூப்பிடாமல்.

அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது நான் உட்கார்ந்து எழுதும் இந்த அறைக்கு, அந்தப் பிறந்தநாளுக்குப் பின் வந்த பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தோம். என்ன நிறம் வேண்டும் என்று பெயின்டர் கேட்டபோது, மாமனார் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "அம்மணியக் கேளுங்க," என்றார்.