பச்சை பஸ்ஸில் வந்த கடைசி ரீல்

மோட்டார் பந்தயப் படம் என்றால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். டி.வி.யில் அப்படி ஒன்று ஓடினால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் மட்டும் கண் கொட்டாமல் பார்ப்பார். பார்த்து முடித்ததும், "இவனுக்கெல்லாம் கியர் போடவே தெரியல" என்று ஒரு தீர்ப்புச் சொல்வார். அந்த வாய் ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா கிடந்திருந்தால் நாங்கள் பட்ட பாட்டில் பாதி பட்டிருக்க மாட்டோம்.

நான் மண்டபத்துக் கடற்கரையில் பிறந்தவள். அய்யாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. எங்கள் கரையில் முதலில் வந்து சேரும் வள்ளத்து மீனுக்குத்தான் வியாபாரி நல்ல விலை சொல்வான். அதனால் கரை திரும்பப் பாய் விரித்துவிட்டால் எல்லோருக்கும் பந்தயம்தான். மணலில் நின்றுகொண்டு எங்கள் வள்ளத்துக்குக் கத்திக் கத்தியே என் குரல் இப்படிக் கட்டைக் குரலாகப் போயிற்று. அப்படிப்பட்டவளை ஒரு பஸ் டிரைவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கடலில் பார்த்ததை ரோட்டில் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது போல.

தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையே இரண்டு கம்பெனி பஸ்கள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. பச்சையை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். இராமநாதபுரத்தில் சிவப்பு முன்னால் கிளம்பும், பச்சை பின்னால் கிளம்பும். ஆனால் வழியில் ரயில்வே கேட் ஒன்று இருந்தது. சாயங்கால ரயிலுக்குக் கேட்டை மூடினால் சிவப்பு அங்கே நின்றுவிடும். பின்னால் வரும் பச்சையும் வந்து ஒட்டி நிற்கும். கேட்காரன் கம்பைத் தூக்கியதும் இரண்டும் சீறிக்கொண்டு கிளம்பும். உள்ளே இருக்கும் சனமெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விடாதண்ணே, விடாத" என்று கத்தும். இதற்காகவே ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. சிவப்புக் கட்சிக்காரன் பச்சை பஸ் காலியாக வந்து நின்றாலும் ஏற மாட்டான். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு வெயிலில் காய்ந்தபடி உட்கார்ந்திருப்பான். நானும் பச்சைக் கட்சிதான், வேறென்ன.

ஒரு நாள் அந்தப் பந்தயத்தில், நயினார்கோவில் பக்கமிருந்து வைக்கோல் ஏற்றி வந்த மாட்டுவண்டி ஒன்று மிரண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. மாட்டுக்கும் ஆளுக்கும் ஒன்றும் இல்லை. வைக்கோல்தான் ரோடு முழுக்கக் கிடந்தது. அதைக் கேள்விப்பட்டு மோட்டார் இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். "இன்னொரு தடவை நீ ரேஸ் ஓட்டுனேன்னு தெரிஞ்சா லைசென்ஸைப் பிடுங்கிருவேன். அப்புறம் நீ மாட்டுவண்டிதான் ஓட்டணும்" என்றார். எங்களுக்கு நிலமா, தோப்பா? அந்த லைசென்ஸ் ஒன்றுதான் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தது. வயிற்றில் வேறு இரண்டாவது பிள்ளை. அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, இனிமேல் முந்த மாட்டேன் என்று அவரைச் சொல்ல வைத்தேன். சொன்னார். சொன்னபடியே சில மாதம் ஒழுங்காகவும் ஓட்டினார். கேட் திறந்தால் சிவப்பைப் போகவிட்டு, புழுதி அடங்கிய பிறகுதான் வண்டியை எடுப்பார். ஊர் சிரித்தது. பச்சைக் கட்சியிலிருந்தே சில பேர் சிவப்புக்குத் தாவிவிட்டார்கள், துரோகிகள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் வந்தது. மெட்ராஸில் இரண்டு பெரிய இடத்துப் பிள்ளைகள். சின்ன வயதிலிருந்து கார் பந்தயத்தில் ஒருவனை ஒருவன் முந்தப் பார்க்கிறார்கள். ஒருவனிடம் வெள்ளைக் கார், இன்னொருவனிடம் கறுப்புக் கார். கடைசியில் ஒரு பெரிய பந்தயம். இது போதாதா எங்கள் ஊருக்கு? வெள்ளைக் கார்தான் பச்சை பஸ், கறுப்புக் கார்தான் சிவப்பு பஸ் என்று படம் வருவதற்கு முன்பே டீக்கடையில் முடிவாகிவிட்டது.

எங்கள் டெண்ட் கொட்டகைக்குத் தனிப் படப்பெட்டி கிடையாது. இராமநாதபுரத்துத் தியேட்டரில் ஓட ஓட, அந்த ரீல்களையே பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள். முதல் பெட்டி மத்தியானமே வந்துவிட்டது. கடைசி ரீல்கள் இருக்கும் பெட்டி, சாயங்காலம் என் வீட்டுக்காரர் வண்டியில் வர வேண்டியது. இடைவேளை முடிவதற்குள் வந்துவிடும் என்ற கணக்கில் கொட்டகைக்காரர் பொழுது சாய்ந்ததும் படத்தைப் போட்டுவிட்டார்.

மணலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரே நாற்காலி வரிசை. அதன் நடுவில் அந்த இன்ஸ்பெக்டர். வண்டிகளைச் சோதிக்க மண்டபத்துக்குக் கேம்ப் வந்திருந்தார். மெட்ராஸில் கார் பந்தயம் என்றால் லீவு போட்டுவிட்டு ஓடுகிற மனுஷன் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

படமா அது? சை. ரோடு கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது, கதாநாயகன் ஸ்டியரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டுகிறான்.

"ஏலே, இவன் எதுக்குலே மாவாட்டுறான்?" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவன் கேட்டான்.

"மண்ணுல ஓடுற வண்டிக்கு டயர் கத்துற சத்தம் எங்கன இருந்துலே வருது?" என்றான் இன்னொருவன்.

அத்தனை வேகத்தில் போகிறார்களாம், இரண்டு பேரும் காரில் இருந்தபடியே ஒருவருக்கொருவர் சவால் வசனம் பேசுகிறார்கள். அது மற்றவனுக்குக் கேட்கிறதாம். தலைமயிர் ஒன்றுகூட அசையவில்லை. எங்கள் பஸ்ஸில் பாதி வழியில் இருக்கும் உச்சிப்புளி போய் இறங்கினாலே கொண்டை அவிழ்ந்து தோளில் கிடக்கும். எனக்கு வந்த கோபத்தில், "கிளச்ச மிதிக்காம கியரு எப்படி விழும்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த மதினி, "ஒனக்கு இதெல்லாம் எப்படிடி தெரியும்" என்று வாயில் கை வைத்தாள். ஆனாலும் ஒரு சனம் எழுந்து போகவில்லை. யார் ஜெயிப்பான் என்று தெரிய வேண்டுமே.

கடைசிப் பந்தயம் ஆரம்பித்தது. கொடி இறங்கியது. கறுப்புக் கார் முந்தியது, வெள்ளைக் கார் துரத்தியது. அதோடு ரீல் தீர்ந்து திரை வெளுத்துவிட்டது.

பெட்டி வரவில்லை. ரயில் தாமதமாம், கேட்டை மூடியவன் மூடியபடி இருக்கிறானாம் என்று சேதி வந்தது. சனத்தை அடக்க, கொட்டகைக்காரர் பாட்டு ரீலை மறுபடி போட்டார். அது முடிந்தும் பெட்டி வரவில்லை. மறுபடி அதே பாட்டு. கதாநாயகி அதே மரத்தை மூன்றாம் முறை சுற்ற ஆரம்பித்தபோது மண்ணை வாரித் திரையில் எறிந்தார்கள். நாற்காலியிலிருந்து இன்ஸ்பெக்டரே எழுந்து, "யோவ், பெட்டி எங்கய்யா? பந்தயம் பாக்க வந்தா பாட்டையே போட்டுக் கொல்றீரு" என்று கத்தினார்.

"பச்சையில வருது சார்" என்றார் கொட்டகைக்காரர்.

"பச்சையிலயா? அப்ப விடிஞ்சிரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அவந்தான் இப்பல்லாம் பஸ்ஸ உருட்டிக்கிட்டுல்ல வாரான். பொண்டாட்டிக்குப் பயந்தவன்."

கொட்டகையே சிரித்தது. எனக்கு முகத்தில் நெருப்பைக் கொட்டினது போல இருந்தது. முன்னால் பார்த்தால் லைசென்ஸைப் பிடுங்குகிறவர். பின்னால் கேட்டால் இந்தப் பேச்சு. அந்தோணியாரே, அந்த மனுஷன் மெதுவாகவே வந்து சேரட்டும், சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஹாரன் சத்தம் கேட்டது. எங்கள் வண்டி ஹாரன் எனக்குத் தெரியாதா? விட்டு விட்டு அடிக்காமல் ஒரே அடியாக அடித்துக்கொண்டே வந்தது. ஜெயித்தால் மட்டும் அப்படி அடிப்பார். கண்டக்டர் தலையில் பெட்டியோடு ஓடி வந்தார். மொத்தக் கொட்டகையும் எழுந்து நின்றது. முதலில் கை தட்டியவர் இன்ஸ்பெக்டர்தான். தட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் எப்போது போனது, கேட் எப்போது திறந்தது, வண்டி எப்போது வந்தது என்று அவர் மனசுக்குள் கூட்டிக் கழிப்பது எனக்கு அவர் முதுகைப் பார்த்தே தெரிந்தது.

ரீலைப் போட்டார்கள். வெள்ளையும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. கொடிக்காரன் கொடியைத் தூக்கிவிட்டான். அப்போது கதாநாயகியின் நாய்க்குட்டி குறுக்கே ஓடி வந்தது. இரண்டு பேரும் பிரேக் போட்டார்கள். இறங்கினார்கள். நாய்க்குட்டியைத் தூக்கிக் கொஞ்சினார்கள். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். சுபம் என்று போட்டுவிட்டான்.

"ஜெயிச்சது யாருலே?" என்று ஒருவன் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகச் சிவப்புக் கட்சியும் பச்சைக் கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து கொட்டகைக்காரரைச் சூழ்ந்துகொண்டன. இன்னொரு ரீல் இருக்கும், நீர் ஒளிச்சு வச்சிருக்கீர் என்று சண்டை. பெட்டியைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். "இதுக்காய்யா இம்புட்டு நேரம் உக்கார வச்சீரு" என்று இன்ஸ்பெக்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வெளியே வந்தேன். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். புருவம் வரைக்கும் புழுதி. பல் மட்டும் தெரிந்தது.

"யாரு புள்ள ஜெயிச்சா? வெள்ளையா, கறுப்பா?" என்றார்.

"ஒருத்தனும் ஜெயிக்கல. நடுவுல ஒரு நாய் வந்துருச்சு."

அந்த முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. அப்புறம்தான் நடந்ததைச் சொன்னார். கேட்டில் காத்துக் கிடந்தபோது பஸ்ஸில் இருந்தவர்கள் பெட்டியைக் காட்டிக் காட்டி உசுப்பிவிட்டார்களாம். சிவப்பு டிரைவர் எட்டிப் பார்த்து, "பெட்டிய எங்கிட்டக் குடுத்துட்டு நீ நாளைக்கு வா மாப்ள" என்றாராம். அவ்வளவுதான். அந்தோணியாரும் மெழுகுவர்த்தியும் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

மறுநாள் காலையில், இன்ஸ்பெக்டர் தங்கியிருந்த பங்களாவுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நானும் கூடப் போனேன், பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு. வழி நெடுக, "கேட்டதுக்குத் தலைய மட்டும் ஆட்டுங்க. வாயத் தொறக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவரும் சரி சரி என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்றுகூடத் தோன்றியது. பஸ்ஸில் வந்த சனத்தை இன்ஸ்பெக்டர் விசாரித்திருக்கிறார். ஒருவர் கூட ஒன்றையும் பார்க்கவில்லை. சிவப்புக் கட்சிக்காரர்களும் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் ஒரு சாட்சி கிடையாது.

வராந்தாவில் எங்களுக்கு முன்னால் சிவப்பு டிரைவர் நின்றிருந்தார். எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அவரும் எங்களுக்காகத்தான் பேசியிருந்தார் என்று இன்ஸ்பெக்டர் வாயாலேயே தெரிந்தது.

"ரேஸே நடக்கலைங்கிறாரு இவரு. நீ இவருக்குப் பின்னால, புழுதி அடங்குனப்புறம் மெதுவா வந்தியாம். முந்தவே இல்லையாம். கடைசி வரைக்கும் பின்னாலதான் வந்தியாம்." இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கும் அப்படித்தான் எழுதி முடிச்சுக்கலாம்னு தோணுது. அப்ப நீ பின்னாலதான் வந்த, இல்லியா?"

நான் என் வீட்டுக்காரர் முழங்கையைக் கிள்ளினேன். தலையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு ஆட்டல். அடுப்பு எரியும்.

ஆட்டவில்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தேன்.

"யாரு, நானா பின்னால வந்தேன்?" என்றார். "சார், கேட்டுல இருந்து கொட்டகை வரைக்கும் இவன் தின்னது என் புழுதி சார். உச்சிப்புளியிலயே இவன் என் கண்ணாடியில இருந்து மறைஞ்சிட்டான். வேணும்னா அவனையே சத்தியம் பண்ணிச் சொல்லச் சொல்லுங்க."

சிவப்பு டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நெசமாவே உச்சிப்புளியிலயேவா?" என்று ஆசையாக ஒரு தடவை கேட்டார். "ஆமா சார்" என்றார் இவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு. இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு உள்ளங்கையை நீட்டினார். இவர் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து அதில் வைத்தார்.

திரும்பி வரும்போது நான் அழுதேன், திட்டினேன், பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். மறுநாளிலிருந்து கருவாட்டுக் கூடை தூக்கப் போகிறவள் நான்தானே. பின்னாலிருந்து அவர் மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள. அந்தப் படத்துலதான் யாரு ஜெயிச்சான்னு சொல்லாம விட்டுட்டான். நானும் சொல்லாம விடணுமா?"

நான் நடையை எட்டிப் போட்டேன். அவர் பின்னாலேயே வந்தார்.