காயாத பாய்

நேற்றைய மழையில் பால்கனியில் கிடந்த கோரைப்பாய் நனைந்துவிட்டது. அதைச் சுருட்டும்போது எழுந்த வாசம் என்னை நேராக மதுக்கரைக்கு, இப்போது இடித்துவிட்ட எங்கள் பழைய சர்ச்சுக்கு இழுத்துப் போனது. கோடையில் ஷீட் கூரைக்கடியில் உட்கார முடியாதென்று ஞாயிறு ஆராதனையைப் புளியமரத்தடிக்கு மாற்றுவார்கள். தண்ணீர் தெளித்த தரையில் பாய் விரித்து, சிமெண்ட் ஆலைத் தூசி படிந்த பாட்டுப் புத்தகத்தை ஊதி ஊதித் திறந்து பாடி முடித்ததும், விசிறிச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொருவராக எழுந்து, கர்த்தர் தமக்குச் செய்ததைச் சாட்சி சொல்வார்கள்.

அப்படியொரு ஞாயிறு என் அப்பா எழுந்தார். "ஏழு வயசாகியும் எம்புள்ள தூக்கத்துல பாயை நனைச்சுட்டு இருந்தாளுங்க. நீங்கெல்லாம் ஜெபிச்சீங்க. இப்ப சுத்தமா நின்னுபோச்சுங்க!"

"ஸ்தோத்திரம்!" என்றது மொத்தச் சபையும். பின்னாலிருந்த எஸ்தர் அத்தை என் தோளைத் தட்டி, "கேட்டயா அம்மணி, கர்த்தர் உம்பாயைக் காய வெச்சுப்போட்டாரு!" என்றார். பையன்கள் சிரித்த சிரிப்பில் என் காது கொதித்தது.

ஆனால் நான் பாயை நனைப்பது நிற்கவேயில்லை. அப்பா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் அம்மா பாயைக் கழுவிக் காயப்போட்டுவிடுவது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வாசல் சர்ச் பக்கம் பார்த்திருந்ததால், அந்தச் சாட்சிக்குப் பிறகு வெளியே போட வழியில்லாமல், கோடை முழுக்க அடுப்படியிலேயே சாய்த்துக் காயவைத்தாள்; சோற்றில்கூட அந்த வாசம் இருந்தது எனக்கு.

இன்றும் புதுச் சபையில் அப்பா கண்கலங்கி அதே சாட்சியைச் சொல்கிறார். நான் தலை குனிந்துகொள்கிறேன். பக்கத்தில் அம்மா, எல்லோரையும்விடச் சத்தமாக, "ஸ்தோத்திரம்" என்கிறாள்.