வடக்கு ஜன்னல் அறை

என் அக்கா புருஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் குண்டுநூல். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தொங்கவிடுவாரே, அதேதான். அத்தான் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு நூலும் அதன் நுனியில் கட்டிய இரும்பு நட்டும் இருக்கும். மனித உருவம் வரையக் கற்பவருக்கு அது இல்லாமல் ஆகாதாம். சாப்பிட உட்கார்ந்தால் அதை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"உன் மூக்கு நெத்திக்கு நேரா இல்ல, தெரியுமா?"

"வாய் இருக்க வேண்டிய எடத்துல இருக்கு அத்தான். சாப்பிட அது போதும்."

ஆள் கெட்டவர் இல்லை என்று அக்கா சொல்வாள். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும் என்பது என் கட்சி. குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனி ஒன்றில் பில் சரிபார்ப்பது அவர் வேலை. அவர் சரிபார்த்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். அதனால் வீட்டுக்கு வரும்போது உடம்பில் தெம்பு அப்படியே மிச்சம் இருக்கும். முதலில் மீன் வளர்த்தார். தொட்டியைக் கழுவியது அக்கா. அடுத்து புல்லாங்குழல். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியதோடு அது நின்றது. கைரேகை கொஞ்ச காலம் ஓடியது. எங்கள் எல்லோருக்கும் ஆயுள் கெட்டி என்று சொல்லிவிட்டு அதையும் மூட்டை கட்டினார். ஐம்பதை நெருங்கும்போதுதான் இந்த ஓவியப் பைத்தியம் பிடித்தது. மற்றதெல்லாம் வந்த வழியே போனது. இது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு அச்சகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. மாஸ்டர் இவரைவிட வயதில் சின்னவர். தூரதேசத்தில் எங்கோ பழைய முறைப்படி உருவம் வரையப் படித்துவிட்டு வந்தவர். அதிகம் பேசமாட்டார், அதனாலேயே பெரிய ஆள் என்று பேர். முறை இதுதான்: முதலில் அச்சடித்த படங்களைப் பார்த்துக் காது, மூக்கு, பாதம் என்று தனித்தனியாக, கோடு பிசகாமல் வரைய வேண்டும். அதில் தேறினால் பிளாஸ்டர் சிலைகள். அவை அசையாது, வியர்க்காது, கொட்டாவி விடாது. சிலையிலும் தேறினால்தான் உயிருள்ள ஆளை உட்காரவைத்து வரையலாம், அதுவும் வகுப்பிலேயே. மாஸ்டர் சொல்வதற்கு முன்னால் யாராவது அவசரப்பட்டு உயிருள்ள ஆளை வரைந்தால் வகுப்பைவிட்டு அனுப்பிவிடுவார்.

முறையை நான் குறை சொல்லவில்லை. அதே வகுப்பில் படித்த ஒரு நர்ஸ் வரைந்த கிழவர் கையைப் பார்த்திருக்கிறேன். எட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவளும் காது, மூக்கு, சிலை என்று படிப்படியாக வந்தவள்தான். அதே படிகளில் எங்கள் ஆளும் ஏறினார். ஏறியது கால் மட்டும்தான்.

அக்கா வீட்டில் இரண்டே அறைகள். அதில் ஒன்றுக்கு வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயில் படாது, வெளிச்சமும் குறையாது. அங்கேதான் அக்காவின் தையல் மிஷின் இருந்தது. துணிக்கடை ஒன்று மொத்தமாகக் கொடுக்கும் பள்ளிச் சீருடைகளை அவள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் உருப்படியாக நடந்த ஒரே தொழில் அதுதான்.

"வடக்கு வெளிச்சம்னா நிழல் ஓடாதாம். மாஸ்டர் சொன்னார்" என்றார் அத்தான் ஒரு நாள். மறுநாள் மிஷின் சமையலறைக்குப் போகும் நடையில் கிடந்தது. அறைச் சுவருக்கு எருமைத்தோல் நிறத்தில் பெயின்ட் அடித்தார், வெளிச்சம் பட்டுத் தெறிக்கக் கூடாதாம். தரையில் ஒரு இடத்தில் டேப் ஒட்டினார். நடுவில் ஒரு மேடை, மேடைமேல் வகுப்பிலிருந்து இரவல் வாங்கிய ஒற்றை பிளாஸ்டர் காது.

"உயிருள்ள ஆளுக்கு மாறிட்டா எல்லாம் வகுப்புலதான். அப்பறம் ரூம் உனக்குத்தான். நான் உள்ளயே வரமாட்டேன்" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா நம்பினாள். அவளுக்கு வேறு வழி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அன்றிலிருந்து அந்த அறையில் அவர் நடப்பதுதான் வேலை. டேப் ஒட்டிய இடத்தில் நின்று, ஒரு கண்ணைச் சுருக்கி, சிலையையும் பக்கத்திலேயே நிறுத்திய தாளையும் பார்ப்பார். பிறகு தாளிடம் நடந்து போய் ஒரே ஒரு கோடு இழுப்பார். திரும்ப டேப்புக்கு வந்து நின்று பார்ப்பார். பிரசவ வார்டு வாசலில் புருஷன்காரன் நடப்பது போல விடுமுறை நாள் முழுக்க இந்த நடை. கரிக்குச்சியை உப்புத்தாளில் தேய்த்து ஊசி முனையாக்குவதிலேயே ஒரு காலைப்பொழுது போய்விடும். அந்த ஒற்றைக் காதுக்கு ஒரு மழைக்காலம் முழுசாகச் செலவானது. வரைந்து முடித்த காது காதாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு மூக்கு, பாதம், கையில்லாத ஒரு உடம்பு.

மிஷின் கிடந்த நடையில் ஜன்னல் கிடையாது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பல்பு. அவள் கையின் நிழலே ஊசிமேல் விழும். கண் எரிகிறது என்று அடிக்கடி தண்ணீர் அடித்துக் கழுவுவாள். நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தை நான்தான் வாங்கிக் கொடுப்பேன். வெளிச்சத்தை எந்தக் கடையிலும் விற்பதில்லையே.

ஒரு நாள் துணிக்கடைக்காரர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்.

"கருநீலத் துணிக்குக் கறுப்பு நூல் போட்டுட்டீங்கம்மா. ஸ்கூல்ல திருப்பிட்டாங்க. உங்க தையல்ல நான் கொற சொன்னதே இல்ல. ஆனா இன்னொரு வாட்டி இப்படி ஆனா நான் வேற ஆள்தான் பாக்கணும்."

அக்கா மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு தையலாகப் பிரிக்க உட்கார்ந்தாள். கரிக்கையோடு எங்கள் ஓவியர் எட்டிப் பார்த்தார்.

"நெறத்தப் பாக்கும்போது கண்ண நல்லா சுருக்கிப் பாக்கணும். அப்பதான் வித்தியாசம் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கையில் அப்போது கத்தரிக்கோல் இருந்தது. நான் எவ்வளவு பொறுமைசாலி என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அந்த மூட்டை அவளை உலுக்கிவிட்டது. கடைக்காரர் கைவிட்டால் தொழில் போச்சு. அறை திரும்பக் கிடைத்தால்தான் தொழில் நிலைக்கும். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளே கேட்டாள்.

"உயிருள்ள ஆளுக்கு எப்பதாங்க மாறுவீங்க?"

"மாஸ்டர் சொல்லணும்." கொஞ்சம் யோசித்தார். "இல்லன்னா ஒண்ணு பண்ணலாம். உன்ன உக்காரவெச்சு ஒரு தலை வரையறேன். அதக் கொண்டுபோய்க் காட்டினா, அவரே அசந்துபோய் மாத்திடுவார்."

"மாஸ்டர் அனுமதி இல்லாம வரையக் கூடாதுன்னு சொன்னீங்களே அத்தான்" என்றேன்.

"தரம் இருந்தா அவர் ஒண்ணும் சொல்லமாட்டார்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அக்காவுக்கு அதைவிட்டால் வேறு குறுக்குவழி இல்லை.

உட்கார்ந்தாள். நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு, அவள் பாதங்களைச் சுற்றியும் சாக்பீஸ் கோடு, மறுநாளும் அதே இடத்தில் உட்காருவதற்காக. பேசக் கூடாது, தாடை மாறுகிறது. சிரிக்கக் கூடாது, கன்னத்து நிழல் மாறுகிறது. தைக்க வேண்டிய துணி நடையில் குவிந்துகொண்டே போனது. வேலை முடிந்து வந்து நான் பட்டன் வைத்தேன், காஜா எடுத்தேன், ஓரம் மடித்தேன். ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள்.

"கைய எறக்கு, எறக்கு. கழுத்துல நிழல் விழுது" என்றார்.

கண்ணீர் தானாகவே கன்னத்தில் காய்ந்தது. அந்த மனுஷன் அதையும் அளந்திருப்பார்.

ஒரு வழியாக முடித்தார். எங்கள் இருவரையும் டேப் மேல் நிற்கவைத்து, தாளை மூடியிருந்த துணியை விலக்கினார். நெற்றி, தாடை, கழுத்து எல்லாம் அக்காதான். எதிலும் குற்றம் சொல்ல முடியாது. தலைமயிர் ஒரே கட்டியாக, செதுக்கி வைத்தது மாதிரி இருந்தது. கண்களைப் பார்த்தேன். இமை இருந்தது, இமைக்கு நடுவே உருண்டையாக விழி இருந்தது, விழியின் வளைவுக்கு நிழல்கூட அழகாகக் கொடுத்திருந்தார். கருவிழி இல்லை. சிலைகளுக்கு இல்லாததால் இவர் கைக்கும் அது பழகவில்லை.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்ணோட வடிவம் மயிரிழைகூடப் பிசகல. நூல் பிடிச்சுப் பாரு" என்றார் பெருமையாக.

அத்தனை நாள் அவள் எதிரில் நின்றவருக்கு, அவள் கண் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியவே இல்லை. அக்கா துணியை எடுத்துப் படத்தை மூடினாள். படத்தில் கண் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, அறை கிடைத்தால் போதும் என்று நினைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை தாளைச் சுருட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார். மத்தியானம் திரும்பும்போது முகமெல்லாம் பல். நானும் அக்காவும் நடையில் காலர் வெட்டிக்கொண்டிருந்தோம்.

"மாஸ்டர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நிழல் இப்படித்தான் விழணும்னார். இத்தன நாள்ல அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல."

"மாத்திட்டாரா?" என்றாள் அக்கா.

"அதுல ஒரு சின்ன விஷயம்." தண்ணீர் குடித்தார். "இது எந்தச் சிலைன்னு கேட்டார்."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"உயிருள்ள ஆளுன்னு சொன்னா வகுப்ப விட்டு அனுப்பிடுவாரே. வீட்ல இருக்கிற சிலை சார்னு சொல்லிட்டேன்." தன் சமயோசிதத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. "அருமையான சிலை, இத வெச்சு இன்னும் ஒரு வருஷம் பண்ணுங்கன்னுட்டார். என்ன ஒண்ணு, அடுத்த வாரம் சிலைய வகுப்புக்குக் கொண்டு வரச் சொல்றார், மத்தவங்களும் வரையணுமாம். அதுக்குத்தான் என்ன சொல்லிச் சமாளிக்கிறதுன்னு தெரியல."

அக்கா காலர் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். எழுந்து மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். என்னைப் பார்த்தாள். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். இருவரும் தூக்கிக்கொண்டு போய் வடக்கு ஜன்னலுக்குக் கீழே இறக்கினோம். வழியில் நின்ற மேடையை நான் காலால் ஓரம் தள்ளினேன். அதைச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை, எனக்காகச் செய்தேன்.

அவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்ன பண்றே? இங்க வெளிச்சத்த மறைக்கக் கூடாது."

"மறைக்கல. எனக்கும் அதுதான் வேணும்" என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. துணியை ஊசிக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"சரி, ரூம் விஷயத்த விடு. மாஸ்டர் சிலைய எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

அவள் நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள்.

"எழுந்து வேலைக்குப் போயிடுச்சுன்னு சொல்லுங்க."

மிஷின் ஓட ஆரம்பித்தது. அவர் டேப் மேல் நின்றபடி யோசித்துக்கொண்டிருந்தார். அதை மாஸ்டர் நம்புவாரா என்றுதான் யோசித்திருப்பார்.