புனைபெயருக்குக் கீழே ஊர்

எங்கள் சஞ்சிகை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும்; சில சமயம் வராது. ஆசிரியர் என் பழைய சிநேகிதர். தட்டச்சு, பிழை திருத்தம், தபாலில் சேர்ப்பது எல்லாம் என் தலையில். கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டு முன்னறைதான் காரியாலயம். பதினைந்து வருடமாக எனக்கு ஒரே மனக்குறை, நாங்கள் போடும் எதைப் பற்றியும் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை என்பதுதான். அனுப்பினால் "கிடைத்தது" என்று ஒரு வரி வரும். அதையும் எழுதச் சோம்பல்படுகிறவர்கள்தான் அதிகம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் பெயருக்குக் கீழே ஊரைப் போடுவோம். தேயிலைத் தோட்டத்து ஆள் என்றால் தோட்டத்தின் பெயர், அதற்குள் எந்த டிவிஷன் என்று ஒன்றுவிடாமல் போடுவேன். கொழும்புக்கு வேலைக்குப் போகும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள், எந்த ஊர் என்று கேட்டால் தோட்டம் என்று சொல்லக் கூசி 'கண்டிப் பக்கம்' என்று மழுப்புவார்கள். அச்சிலாவது மழுப்பக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

கலஹாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை கதை அனுப்பினாள். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன அக்கா, அந்த வீட்டு முதலாளியால் கெடுக்கப்பட்டுத் திரும்பி வருகிறாள். வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவ்வளவுதான் கதை. வாசித்துவிட்டு அழுதேன். புனைபெயரில் போடுங்கள் என்று கேட்டிருந்தாள், அப்படியே போட்டேன். கைப்பழக்கத்தில் அதற்குக் கீழே தோட்டத்தையும் டிவிஷனையும் அடித்தேன். நாலு தடவை பிழை பார்த்தேன். ஒரு புள்ளி தப்பவில்லை, புனைபெயருக்குக் கீழே ஊர் நிற்பது மட்டும் கண்ணில் படவில்லை. பாழாய்ப்போன கண்.

இதழ் போன அடுத்த வாரமே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் போன் எடுத்து, இஞ்ச எல்லாரும் உங்கட கதையைப் பற்றித்தான் கதைக்கினம் என்றார். யாரோ அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து முகநூலில் போட்டார்கள். மலையகப் பெண் எழுத்து பற்றி ஒரு சண்டை, இது நடந்த கதையா கற்பனையா என்று இன்னொரு சண்டை. இந்தக் கதையைப் பேசவென்று நாங்கள் கண்டியில் வைத்த கூட்டத்தில் கதிரை போதாமல் ஆட்கள் நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் கதையை எழுதியவள் போனில் அழுதாள். அவளுடைய சொந்த அக்காவுக்கு ஹுன்னஸ்கிரியவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்களாம். மாப்பிள்ளையின் தம்பி முகநூலில் கதையையும் ஊரையும் பார்த்துவிட்டான். அந்த டிவிஷனில் வெளிநாடு போய் வந்தவள் அக்கா ஒருத்திதான்.

"பேசுறத நிறுத்தச் சொல்லுங்க சார். உங்க புத்தகம்தானே."

நிறுத்தவா? எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். இரண்டு பேர் எடுத்தார்கள். ஒருவர், படைப்பை மறைக்கச் சொல்வதே ஒடுக்குமுறை என்று நீளமாக எழுதினார். அதற்குக் கீழே புதிதாக ஒரு விவாதம் தொடங்கியது. ஆசிரியரிடம் சொன்னேன், அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதையைப் பற்றி அடுத்த இதழுக்கென்று வந்து குவிந்த கட்டுரைகளைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போடாமல் கட்டி வைத்தோம். அதனால் யார் வாயும் மூடவில்லை.

கல்யாணம் நின்றுவிட்டது என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்கக் கலஹாவுக்குப் பஸ் ஏறினேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுடைய காம்பராவைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எழுதியவள் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அக்காதான் "வாங்க சார்" என்று கதிரையை இழுத்துப் போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள். மன்னிப்பைக் கேட்காமல் தேத்தண்ணியைக் குடித்தேன். அலுமாரிக்கு மேலே எங்கள் இதழ் இருந்தது.

"வாசிச்சேன் சார். நல்லாத்தான் எழுதியிருக்கா. இந்த வீட்டுல நான் பேசாதத எல்லாம் அவ பேசியிருக்கா." இதழை எடுத்துப் புனைபெயரில் விரலை வைத்தாள். "பேர மாத்திட்டீங்க. ஊர எதுக்கு சார் போட்டீங்க?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அச்சிலாவது ஊரை மழுப்பக் கூடாது என்று பதினைந்து வருடமாக எல்லாக் கூட்டத்திலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்ன பதில். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை என்னால் சொல்ல முடியவில்லை.