கொக்கி மாறிய படம்

பிரேம் போடக் கொடுத்திருந்த என் ஓவியத்தை எடுக்க இன்று பதுளைக்குப் போனேன். முழுக்கப் பச்சை, நடுவில் குறுக்கே ஒரு செம்மண் பட்டை. எந்த இடமும் இல்லை, வெறும் நிறங்கள்தான்.

கடைக்கார நானா பக்கவாட்டில் கொக்கி அடித்து, படத்தை நெட்டுக்குத்தாகச் சுவரில் மாட்டியிருந்தார்.

“என்ன நானா இது?” எனக்குக் கோபம்.

“எது மேல, எது கீழன்னு எனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி? படத்துல ஒரு மரம் சரி கீறியிருக்கலாமே!”

இறந்துபோன கணவரின் போட்டோவுக்குப் பிரேம் போட வந்த ஓர் அக்கா, என் படத்தின் முன்னால் அசையாமல் நின்றார். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமாம்.

“எங்க மலையத்தானே வரைஞ்சிருக்கீங்க? மண்ணு இப்படித்தாங்க எறங்குச்சு.” பட்டையின் அடியில் விரலை வைத்தார். “இங்கினதான் எங்க லயத்து வீடு. அவரு உள்ள தூங்கிக்கிட்டு இருந்தாரு.”

விரலை எடுக்கவே இல்லை.

இது எந்த மலையும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானா கொக்கியை மாற்றச் சுத்தியலோடு வந்தார். வேண்டாமென்றேன்.

இப்போது வீட்டிலும் நெட்டுக்குத்தாகவே தொங்குகிறது. பின்பக்கம் நான் எழுதியிருந்த பெயர் ‘நிம்மதி’. அதை அடித்துவிட்டேன். வேறு பெயர் தோன்றினால் சொல்லுங்கள். மரம் கீறத் தெரிந்தவர்களும் சொல்லலாம்.